முன்சில்லு சாய்ந்தால் டயரை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடுவோம்



பழைய பிக்கப் ஒன்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் பல உண்டு. விடியற்காலையில் அது லீக்ஸும் கோவாவும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும். பகலில் சீமெந்தும் தகரமும் ஏற்றும். நடுராத்திரியில் லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதே வண்டிதான். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருபது, முப்பது வருஷம் ஓடிக் களைத்த வண்டிகளுக்கும் நல்ல விலை வந்துவிட்டது. ஓய்வுபெற்ற அப்பாவின் சேமலாப நிதிப் பணத்தைப் போட்டு அப்படியொரு வண்டி வாங்கிய குடும்பங்களை நாம் அறிவோம்.

இந்த வண்டிகளில் அடிக்கடி தென்படும் ஒரு குறையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். வண்டியின் முன்னால் போய் நின்று பார்த்தால் முன்சில்லு இரண்டும் நேராக நிற்காது. மேற்பக்கம் உள்ளே விழுந்து, கீழ்ப்பக்கம் வெளியே பரந்து, பாரம் தாங்காத மாட்டின் கால் மாதிரி நிற்கும். சில வண்டிகளில் ஒரு சில்லு மட்டும் சாய்ந்திருக்கும். "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று நம்ம ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடலாமா, கூடாதா என்பதை யாழ்ப்பாணத்து கராஜ் ஒன்றில் நாம் கண்கூடாகப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

யாழ்ப்பாணத்தில் கற்ற பாடம்

மலைநாட்டு மரக்கறி ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போன பழைய டீசல் பிக்கப் ஒன்றில் நாமும் கூடப் போயிருந்தோம். திருநெல்வேலிச் சந்தையில் பாரத்தை இறக்கிய பிறகு பார்த்தால், இடது முன்டயரின் உள்ளோரம் கம்பி தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த டயர் வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன கராஜுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அங்கே இருந்த பெரியவர் ஜெக்கைத் தொடவில்லை, சாவியையும் எடுக்கவில்லை. முதலில் வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு சில்லையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, எத்தினை ரயர் மாத்தினனீர்?"

"ரெண்டு தரம் மாத்திட்டேங்க ஐயா. எலைன்மென்ட்டும் ரெண்டு தரம் பார்த்தாச்சு."

"ரயர் பாவம் தம்பி, அது அடி வாங்கிறது. அடிக்கிறவன் உள்ளுக்கை நிக்கிறான். செருப்புத் தேயுதெண்டு செருப்பை மாத்திக்கொண்டிருந்தா கால் நேராகுமோ?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது. சாய்ந்த சில்லு நோயல்ல, நோயின் அடையாளம். டயர் வாங்குவதும் எலைன்மென்ட் பார்ப்பதும் அதற்குப் பிறகு வரும் வேலைகள்.

பழைய வண்டியைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பேசினால் அதில் ஒரு கனம் இருக்கும். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டபோது குடாநாட்டுக்கான தரைப்பாதை அடைபட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் என்று பலவும் தடைப்பட்டியலில் இருந்தன. அந்த வருஷங்களில் குடாநாட்டு வீதிகளில் ஓடியவை 1950களில் வந்த ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்கள். சில துளி பெற்றோலைக் கொடுத்து இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது, 2009இல் யுத்தம் முடிந்த பிறகுதான் நிலையாகத் திறந்தது. கடையில் புதுச் சாமான் வாங்க முடியாத அந்தக் காலம், தேய்வதற்கு முன்னே கவனிக்கும் பழக்கத்தை அந்த மெக்கானிக்மாருக்குக் கற்றுக்கொடுத்தது.

"குப்பி விளக்கிலை நிண்டு இந்த வேலை செய்தனாங்கள். தேஞ்சா மாத்தச் சாமான் இல்லை. அதாலை தேய முன்னமே கிறீஸ் குடுக்கப் பழகினம்" என்றார் அவர்.

சாய்வு என்றால் என்ன?

முன்சில்லு நிலத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும். அந்த நிற்புக்கு மெக்கானிக்மார் 'கேம்பர்' என்று பெயர் சொல்வார்கள். பெரும்பாலான பிக்கப்களில் இது நேர்நிலையில் இருந்து ஒரு பாகைக்கு உள்ளேதான் இருக்கும். சரியான கணக்கு அந்தந்த வண்டியின் கைநூலில் உண்டு. கிங் பின் வைத்த மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் மேற்பக்கம் ஒரு சொட்டு வெளியே சாய்ந்திருப்பதே கம்பனி வைத்த அமைப்பு. அதைக் குறை என்று எண்ணி நிமிர்த்தப் போகக் கூடாது.

பொதுவாக மூன்று விதமான சாய்வைக் காணலாம்.

ஒன்று, இரண்டு சில்லும் ஒரே அளவாக மேலே உள்ளே விழுந்திருப்பது. இது பெரும்பாலும் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்துவிட்டதைக் காட்டும்.

இரண்டு, இரண்டு சில்லும் மேலே வெளியே சாய்ந்திருப்பது. முன்பக்கத்தை அளவுக்கு மேல் உயர்த்திவிட்ட வண்டிகளிலும், ஏதாவது பகுதியைப் பிழையாகப் பொருத்திய வண்டிகளிலும் இதைக் காணலாம்.

மூன்று, ஒரு சில்லு மட்டும் சாய்ந்திருப்பது. இது ஆபத்தான அடையாளம். அந்தப் பக்கத்தில் ஏதோ தேய்ந்திருக்கிறது, வளைந்திருக்கிறது, அல்லது வெடித்திருக்கிறது.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

இதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. மேசன்மார் சுவர் கட்டும்போது பிடிக்கும் தூக்குக் குண்டும் ஒரு அடிமட்டமும் போதும்.

முதலில் மட்டமான இடம் வேண்டும். லயத்துச் சரிவில் நிறுத்திப் பார்த்தால் நல்ல வண்டியும் சாய்ந்துதான் தெரியும். பிரட்டுக்களமோ தொழிற்சாலை முற்றமோ நல்லது. பாரத்தை இறக்கிவிடுங்கள். நான்கு டயருக்கும் சரியான காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் வயிறு பிதுங்கி, சாய்ந்த மாதிரி ஏமாற்றும். ஸ்டியரிங்கை நேராக வைத்து வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். ஜெக் போட்டு இறக்கிய வண்டியை உருட்டாமல் அளந்தால் கணக்குப் பிழைக்கும். ஏனென்றால் சில்லு தன் பழைய நிலைக்கு வந்து குந்தியிருக்காது.

பிறகு மட்காட்டின் ஓரத்தில் இருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் டயரில் முட்டாமல் அதன் வெளிமுகத்துக்கு முன்னால் தொங்க வேண்டும். நூலில் இருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கு எவ்வளவு, கீழ் விளிம்புக்கு எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். டயரை அளக்க வேண்டாம், கீழ்ப்பக்கம் பிதுங்கியிருக்கும். மேல் அளவு கூடுதலாக இருந்தால் சில்லு மேலே உள்ளே சாய்ந்திருக்கிறது. கீழ் அளவு கூடுதலாக இருந்தால் மேலே வெளியே சாய்ந்திருக்கிறது. 14 அங்குல ரிம்மில் இரண்டு அளவுக்கும் இடையே 6 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தால் அது ஏறத்தாழ ஒரு பாகைச் சாய்வு. 12 மில்லிமீற்றர் என்றால் இரண்டு பாகை.

சில்லை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து பாருங்கள். கணக்கு மாறினால் ரிம்தான் வளைந்திருக்கிறது. மாறாவிட்டால் குறை உள்ளே இருக்கிறது. இடது, வலது இரண்டையும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வண்டி நேர் ரோட்டில் ஒரு பக்கம் இழுக்கும். எந்தச் சில்லு மேலே கூடுதலாக வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் இழுப்பு இருக்கும்.

டயர் சொல்லும் கதை

டயரைக் கையால் தடவிப் பார்த்தால் அது பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

உள்ளோரம் மட்டும் வழுவழுவென்று ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சில்லு மேலே உள்ளே சாய்ந்து ஓடியிருக்கிறது. வெளியோரம் மட்டும் என்றால் மேலே வெளியே சாய்ந்து ஓடியிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூடுதல். உள்ளங்கையால் ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் தடவும்போது வாள்பல் மாதிரிக் கூராகவும் இருந்தால் அது சாய்வால் வந்த தேய்வல்ல. இரண்டு சில்லும் ஒன்றுக்கொன்று நேராகப் பார்க்காமல், மாறுகண் மாதிரி உள்ளேயோ வெளியேயோ பார்க்கின்றன என்று அர்த்தம். இடையிடையே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் சொக் அப்சோபர் செத்திருக்கலாம், அல்லது ஏதோ ஆடுகிறது.

இங்கே மலைநாட்டுக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான பூமி. வீதியும் பெரும்பாலும் நேராக ஓடும். நமது பாதைகள் வளைவுக்கு மேல் வளைவு. வளைவில் வேகமாகத் திருப்பும்போது பாரமெல்லாம் வெளிப்பக்க டயரின் ஓரத்தில் இறங்கும். அதனால் நம்ம வண்டிகளில் இரண்டு முன்டயரின் வெளியோரமும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது சாதாரணம். அதை மட்டும் வைத்துக் குறை என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் மலைப்பாதையில் ஓடியும் உள்ளோரம் தேய்கிறதென்றால் சாய்வு நிச்சயம் கூடுதலாக இருக்கிறது.

ஜெக் போட்டு ஆட்டிப் பார்த்தல்

அளந்து, டயரைப் பார்த்த பிறகுதான் ஜெக் போட வேண்டும். பின்சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து இறுக்குங்கள். ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையைக் கொடுக்கவே கூடாது. ஸ்டாண்ட் வைக்க வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி வைப்பது உயிருக்கு உலை. அது சொல்லாமல் நொறுங்கும்.

சில்லு நிலத்தைவிட்டுக் கிளம்பியதும், மணிக்கூட்டின் 12 மணி இடத்தில் ஒரு கையும் 6 மணி இடத்தில் ஒரு கையும் வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுபோனால் சில்லுப் பெயாரிங் தளர்ந்திருக்கிறது. பிரேக் பிடித்தும் ஆட்டம் இருந்தால் போல் ஜொயின்ட் அல்லது கிங் பின் தேய்ந்திருக்கிறது. இனி 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆட்டம் இருந்தால் டை ரொட் முனையையும் ஸ்டியரிங் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

போல் ஜொயின்ட்டைப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில்லைப் பிடித்திருக்கும் மேல் கை, கீழ் கை இரண்டில் எதில் ஸ்பிரிங்கின் பாரம் தங்குகிறதோ அந்தக் கையின் ஜொயின்ட்தான் எப்போதும் அமுங்கியிருக்கும். அமுங்கியிருக்கும்போது தேய்வு வெளியே தெரியாது. ஸ்பிரிங் கீழ்க்கையில் இருந்தால் ஜெக்கைக் கீழ்க்கையின் வெளிமுனைக்குக் கிட்டப் போட வேண்டும். அப்போது ஜொயின்ட் தளர்ந்து, உள்ள ஆட்டம் வெளிப்படும். செசியில் ஜெக் போட்டால் ஸ்பிரிங் ஜொயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த ஜொயின்ட்டும் நல்லது மாதிரி நடிக்கும். ஸ்பிரிங் மேல்கையில் உள்ள வண்டிக்கு இது எதிர்மாறு. அங்கே செசியில்தான் ஜெக் போட வேண்டும். நாம் போன வண்டிக்கு ஸ்பிரிங் கீழ்க்கையில். முன்பு பார்த்த கராஜில் செசியில் ஜெக் போட்டு ஆட்டிவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பியிருந்தார்கள்.

பெரியவர் கீழ்க்கையில் ஜெக்கைப் போட்டு, டயருக்குக் கீழே ஒரு அலவாங்கைக் கொடுத்து மெதுவாக நெம்பினார். இடது பக்கக் கீழ் ஜொயின்ட் 'டக், டக்' என்று மேலும் கீழும் அசைந்தது. நமது டிரைவர் தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சில்லோடுதான் முதல்நாள் இரவு அவர் மலை இறங்கி வந்திருந்தார்.

இரண்டு பக்கமும் சாய்ந்தால்

பழைய பிக்கப்கள் பலவற்றின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இருக்காது. செசியோடு நீளவாக்கில் ஓடும் ஒரு உருக்குக் கம்பிதான் ஸ்பிரிங் வேலை செய்யும். அதுதான் டோர்ஷன் பார். ஒரு முனை செசியில் கட்டப்பட்டிருக்கும், மறுமுனை சில்லைப் பிடித்திருக்கும் கையில் இருக்கும். சில்லு மேலே ஏறும்போது கம்பி முறுகும், பிறகு தன் பலத்தால் நிமிரும். இருபது வருஷம் பாரம் சுமந்த கம்பி களைத்துப்போய்க் கொஞ்சம் தாழ்ந்துவிடும். வண்டியின் மூக்கு தாழும். மேல்கை நீளம் குறைந்தது, கீழ்க்கை நீளமானது. ஆகையால் வண்டி தாழும்போது சில்லின் மேற்பக்கம் உள்ளே இழுபடும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக உள்ளே சாய்வதற்கு இதுதான் முதற்காரணம்.

சில்லின் நடுவில் இருந்து மட்காட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தால் தாழ்வு தெரிந்துவிடும். செசி முனையில் உள்ள போல்ட்டை முறுக்கி வண்டியைக் கைநூல் சொல்லும் உயரத்துக்குத் திரும்பக் கொண்டுவரலாம். அதற்கு மேல் உயர்த்தக் கூடாது. "இன்னும் ரெண்டு சுற்று முறுக்கு, கெத்தா நிக்கட்டும்" என்று சொல்லும் நம்ம இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: அளவுக்கு மேல் முறுக்கினால் சில்லு மறுபக்கம் சாயும், ஜொயின்ட்கள் தங்கள் எல்லையில் நின்று இழுபடும், வண்டி கல்லு மாதிரிக் குதிக்கும்.

உயரம் மாறினால் சாய்வு மாறும் என்பது எல்லா நாட்டுக்கும் பொது. அமெரிக்காவில் ஃபோர்ட் கம்பனி 1965இல் தன் பிக்கப்களில் ஒவ்வொரு முன்சில்லுக்கும் தனித்தனி உருக்கு அச்சு வைத்தது. அந்த வண்டிகளில் ஸ்பிரிங் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் சில்லுகள் கண்ணுக்குத் தெரியச் சாயும். அங்கேயும் முதலில் பார்ப்பது ஸ்பிரிங் உயரத்தைத்தான்.

ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால்

இங்கே காரணங்கள் பல. போல் ஜொயின்ட் தேய்ந்திருக்கலாம். கைகளின் அடியில் உள்ள ரப்பர் புஷ் நைந்திருக்கலாம். பெயாரிங் தளர்ந்திருக்கலாம். ஒரு பெரிய குழியில் விழுந்தபோதோ கல்லில் மோதியபோதோ கை வளைந்திருக்கலாம். கை பொருந்தும் இடத்தில் செசி வெடித்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் கடற்காற்றின் உப்பு செசியை அரிக்கும். நமது பக்கத்தில் மழையும் சேறும் உரச்சாக்கின் தூளும் அதே வேலையைச் செய்யும். சேற்றைக் கழுவிவிட்டு வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் துருக் கோடு ஓடியிருந்தால் கீழே வெடிப்பு இருக்கக்கூடும்.

எது தேய்ந்தாலும் வண்டியின் பாரம் சில்லின் மேற்பக்கத்தை உள்ளே தள்ளவே பார்க்கும். ஆகவே ஒரு சில்லு மட்டும் மேலே உள்ளே விழுந்திருந்தால் தேய்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கிங் பின் வண்டிகளும் லொறிகளும்

கொழுந்து ஏற்றும் லொறிகள் பலவற்றுக்கு முன்னால் ஒற்றை அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் இருக்கும். அவற்றில் போல் ஜொயின்ட் இல்லை. சில்லு திரும்புவது கிங் பின் என்ற தடித்த ஊசியில்தான். அதன் புஷ் தேய்ந்தால் சில்லு சாயும், ஸ்டியரிங் நடுங்கும். புஷ்ஷைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து போடலாம். ஆனால் போல் ஜொயின்ட்டைச் சுட்டு வெல்டிங் பண்ணி ஓட்டுவது கூடாது. சூட்டில் உருக்கின் குணம் மாறி, ஒரு நாள் சொல்லாமல் உடையும்.

மொரிஸ் மைனர் 1948இல் வந்த கார். 1953இல் இருந்து அதன் பிக்கப்பும் வந்தது. டோர்ஷன் பார் அதற்கும் உண்டு. ஆனால் அதன் கிங் பின்னில் திருகாணி மாதிரி மரை வெட்டியிருக்கும். கிறீஸ் கொடுக்காமல் விட்டால் கீழ் மரை தேய்ந்து, ஒரு நாள் பிடி விட்டுச் சில்லு மடிந்துவிடும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லா நாட்டிலும் பயப்படும் குறை இது. கிறீஸ் துப்பாக்கியை மறக்காதவனுக்கு அந்தப் பயம் குறைவு.

எது பொறுக்கும், எது பொறுக்காது?

டோர்ஷன் பார் தாழ்ந்ததால் வந்த சாய்வு, டயரைத் தின்னுமே தவிர உடனே ஆளை விழுத்தாது. பாரத்தைக் குறைத்துக்கொண்டு, சம்பளம் வரும்வரை சில வாரம் பொறுக்கலாம். தளர்ந்த பெயாரிங்கை அன்றைக்கே பார்க்க வேண்டும். போல் ஜொயின்ட் ஆட்டமும், கிங் பின் பெரிய ஆட்டமும், செசி வெடிப்பும் ஒரு நாளும் பொறுக்கா.

ஏன் இப்படிச் சொல்கிறோம்? கீழ் ஜொயின்ட் கழன்றால் சில்லு வண்டிக்குக் கீழே மடியும், அந்த மூலை நிலத்தில் இடிக்கும். சில்லோடு போகும் பிரேக் குழாயும் அறுந்துபோகலாம். மிகப் பழைய வண்டிகளில் நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் வழிதான். ஒரு குழாய் அறுந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். யாழ்ப்பாணத்துத் தட்டை வீதியில் வண்டி வேலியில் போய் நிற்கலாம். நமது இறக்கத்தில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற பாதையில், பின்னால் பத்துப் பேர் நின்றுகொண்டு வரும்போது என்ன நடக்கும் என்று நாம் எழுதத் தேவையில்லை. பிக்கப்பின் பின்பெட்டி பொருள் ஏற்றுவதற்கு. சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் ஆள் ஏற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முன்சில்லு சாய்ந்த வண்டியில் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றக் கூடாது.

ஓட்டும்போது குழியில் இறங்கினால் 'டக்' சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்க இழுப்பு, திருப்பும்போது கிறீச்சொலி, நேற்று இல்லாத சாய்வு இன்று - இதில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓரம் கட்டுங்கள். "வீடு வரைக்கும் போயிடலாம்" என்ற நினைப்பே ஆபத்து.

வேலையின் வரிசை

தேய்ந்ததை மாற்றுவது முதல் வேலை. உயரத்தைச் சரிசெய்வது இரண்டாவது. எலைன்மென்ட் மூன்றாவது. புது டயர் கடைசி. இந்த வரிசையை மாற்றினால் பணம் போகும், குறை போகாது. மேல்கையின் அடியில் தகடு வைத்தோ, முட்டை வடிவ போல்ட்டைத் திருப்பியோ சாய்வைக் கூட்டிக் குறைக்கும் வசதி பல பிக்கப்களில் உண்டு. தேய்ந்த ஜொயின்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு தகட்டால் சில்லை நிமிர்த்துவது புண்ணுக்கு மேலே பூச்சுப் பூசுவது போலாகும். பார்வைக்கு நேராக நிற்கும், உள்ளே ஆட்டம் கூடிக்கொண்டே போகும். உயரத்தை மாற்றினால் சில்லு பார்க்கும் திசையும் மாறும். ஆகவே டோர்ஷன் பார் முறுக்கிய பிறகு எலைன்மென்ட் பார்க்காமல் விடக் கூடாது.

நாம் போன வண்டிக்கும் அந்த வரிசையில்தான் வேலை நடந்தது. கீழ் ஜொயின்ட் இரண்டும் புதிதாகப் போட்டு, இரண்டு பக்கமும் தாழ்ந்திருந்த டோர்ஷன் பாரை அளவுக்கு உயர்த்தி, எலைன்மென்ட் பார்த்து, கடைசியில்தான் டயர் வாங்கினோம். அதற்காகும் செலவைக் கணக்குப் பார்த்த டிரைவர் தம்பி, "முதல்லயே இதைச் செஞ்சிருந்தா ரெண்டு செட் டயர் காசு அப்பா கையில இருந்திருக்கும்" என்றார். பெரியவர் சிரிக்கவில்லை. "காசு போனாப் போகட்டும் தம்பி. நீர் கீழை இறங்கி வந்து சேர்ந்தீரே, அது பெரிசு" என்று மட்டும் சொன்னார்.

குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

மாதம் ஒரு தரம் முன்பக்க நிப்பிள்கள் எல்லாவற்றுக்கும் கிறீஸ் கொடுங்கள். பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை கொடுக்க வேண்டும். நிப்பிள் இல்லாத ஜொயின்ட்டில் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த உறைக்குள் தண்ணீரும் மண்ணும் போனால் அதன் ஆயுள் முடிந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் தூக்குக் குண்டு வைத்து அளந்து, தேதியோடு கொப்பியில் எழுதுங்கள். போன தடவைக் கணக்கும் இந்தத் தடவைக் கணக்கும் வித்தியாசப்பட்டால் கராஜுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் சீற்றையும் பார்ப்பதற்கு முன், முன்னால் குந்தியிருந்து சில்லுகளைப் பாருங்கள். டயரின் உள்ளோரத்தைத் தடவுங்கள். புது டயர் போட்டிருந்தால் ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள்.

கொழுந்துக் கூடையின் கயிறு நைந்தால் நம் அம்மாமார் கூடையை மாற்றுவதில்லை. மலைக்கு ஏறுவதற்கு முன் கயிற்றை இழுத்துப் பார்த்து, நைந்த இடத்தை அறிந்து கட்டுவார்கள். பிக்கப்பின் முன்சில்லுக்கும் அதே கவனம் போதும். சில்லு சாய்ந்திருந்தால் அது நம்மிடம் எதையோ சொல்ல வருகிறது. கேட்டுவிட்டு வண்டியை எடுப்போம்.